சர்க்யூட் என்கிற இரண்டாவது வார்த்தை

கங்கையம்மாளின் மீன் வண்டி மூன்றாம் முறையாக வந்து நின்றதும், முடிச்சூர் ரோட்டில் இருந்த அந்த ஒர்க்‌ஷாப்பே கப்சிப் ஆகிவிட்டது. வண்டி வந்தால் கூடப் பரவாயில்லை, கூடவே கங்கையம்மாளும் அல்லவா வருவார்!

"இன்னா ஜெயவேலு, ரிப்பேர் பண்ணியா, இல்ல சும்மா கழுவி அனுப்சியா?" கோவளத்திலிருந்து மீன் ஏற்றி வரும் அந்த அம்மாவின் குரல் தாம்பரம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். "இருட்டோட கெளம்பி வர சொல்லோ செக் லைட் எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. வெயில் வந்தா தானா சரியா பூடுது. மார்க்கெட்டுக்கு எப்பவும் நான்தான் மொதல்ல. இப்ப எல்லாரும் வித்துட்டு டீ குடிக்க சொல்லோ நான் போய் நிக்கறேன். பேஜாரா கீதுப்பா!"

முதலாளி ஜெயவேலு தலையைச் சொறிந்தார். சீனியர் மெக்கானிக் தாமோதரன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "அதே எரர் கோடுதான் சார். ஈ.ஜி.ஆர். சென்சார்."

ஈ.ஜி.ஆர். என்பது டீசல் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வு. அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தச் சென்சார். ஏற்கெனவே இரண்டு மாற்றியாகிவிட்டது.

"இன்னொண்ணு போட்டுப் பாத்துடலாம்," என்றார் தாமோதரன்.

"கோளாறு சென்சார்ல இல்லண்ணா," என்று கவுன்ட்டரிலிருந்து ஒரு குரல் வந்தது.

துர்கா. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தவள். மெக்கானிக் வேலைக்கென்றுதான் எடுத்தார்கள். ஆனால், "கொஞ்ச நாளைக்கு இங்க உக்காரும்மா" என்று வண்டிகளின் குறையைக் குறிக்கும் ஜாப் கார்டு எழுத உட்கார வைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு வருஷமாகிவிட்டது! தினமும் குரோம்பேட்டையிலிருந்து ரயிலேறி வந்து, 'மெக்கானிக் பெயர்' என்ற கட்டத்தில் மற்றவர்கள் பெயரை எழுதி எழுதி அவளுக்கு விரல் காய்த்துப்போயிருந்தது. வயிறு எரியாதா பின்னே?

"சென்சார்னுதானேம்மா திரையில வருது?" என்றார் தாமோதரன்.

"முழுசாப் படிங்கண்ணா. 'சென்சார் சர்க்யூட்'னு வருது. நாம எப்பவும் மொத வார்த்தையோட நிறுத்திடறோம். சர்க்யூட்னா வயர், கனெக்டர், எர்த்து எல்லாந்தான்."

"வயரையும் பாத்துட்டேன். எங்கயும் அறுபடல, மீட்டர் நல்லா பீப் அடிக்குது."

ஜெயவேலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, அஞ்சு மணி வரைக்கும் வண்டி உன்னுது. முடிச்சிட்டா நாளைலேர்ந்து நீ ஷெட்ல வேலை பாரு. முடியலன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. கவுன்ட்டர்தான்."

துர்கா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள்.

மூன்று மணி வரை ஒன்றும் பிடிபடவில்லை. சென்சாருக்கு ஐந்து வோல்ட் சரியாக வந்தது. எர்த்து வயரில் மீட்டர் பீப் அடித்தது. தாமோதரன் ஒவ்வொரு பீப்புக்கும், "கேக்குதும்மா, கேக்குது," என்று கிண்டலடித்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் தடவை தானே எழுதிய ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தாள். கங்கையம்மாள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: 'இருட்டில் வருகிறது. வெயில் வந்தால் சரியாகிறது.' அன்றைக்கு ஷெட்டே சிரித்தது, வண்டிக்குக் குளிர் ஜுரமா என்று.

வெயில் வந்தால் என்ன மாறும்?

சட்டென்று எழுந்து, காத்திருந்த கங்கையம்மாளிடம் ஓடினாள். "அம்மா! வெளுத்ததும் ஹெட்லைட்ட ஆஃப் பண்ணிடுவீங்களா?"

"பின்ன, பகல்ல சூரியனுக்கா லைட்டு காட்டுவேன்?"

அடடா! மூன்று தடவையும் ஷெட்டில் பட்டப்பகலில், விளக்கைப் போடாமலேதானே பார்த்தார்கள்! துர்கா இன்ஜினை ஓடவிட்டாள். மீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் எர்த்து வயரிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தாள். கிட்டத்தட்ட பூஜ்யம். "அண்ணா, ஹெட்லைட் போடுங்க," என்றாள். தாமோதரன் போட்டார். மீட்டர் எகிறி, எர்த்தில் இருக்கவே கூடாத ஒன்றரை வோல்ட்டைக் காட்டியது. கூடவே டேஷ்போர்டில் செக் லைட் எரிந்தது.

"மாட்டிக்கிச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவர் தட்டைச் சாய்த்துவிட்டார்.

பீப் பொய் சொல்லவில்லை. வயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும்தான் அது சொன்னது, அதிகக் கரண்டின் பாரம் தாங்குமா என்று சொல்லவில்லை. எர்த்து வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஹெட்லைட்டின் எர்த்தும் சென்சாரின் எர்த்தும் சேசிஸில் ஒரே போல்ட்டில் சேர்ந்தன. போல்ட்டைக் கழற்றினாள். அடியில் பளபளவென்று சில்வர் பெயிண்ட்! பெயிண்ட் கரண்டைத் தடுத்தது; போல்ட்டின் மரை வழியேதான் கொஞ்சம் போனது. பீப்புக்கு அது போதும், ஹெட்லைட் எரியும்போது போதுமா?

"இந்த பெயிண்ட் எப்ப அடிச்சது?"

தாமோதரன் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். கங்கையம்மாள்தான் பேசினார். "ஆயுத பூஜைக்கு நீங்கதானே புதுசு மாரி பெயிண்ட் அடிச்சி, பொட்டு வச்சி, மாலை போட்டு அனுப்சீங்கோ! அன்னிலேர்ந்துதான் இந்தக் கூத்து!"

துர்கா இரும்பு தெரியும்வரை எமரி பேப்பரால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினாள். ஹெட்லைட் போட்டும் மீட்டர் அசையவில்லை. ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு, கங்கையம்மாளையும் ஜெயவேலுவையும் ஏற்றிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் ஹெட்லைட் எரிய, பைபாஸ் மேட்டில் விட்டாள். எதிரே வந்தவர்களெல்லாம் விளக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். அவளா அணைப்பாள்? வண்டி மேட்டில் சீறிக்கொண்டு ஏறியது. கங்கையம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "நாளைக்கு நான்தான்டி ஃபர்ஸ்ட்!" என்று கத்தினார்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது மணி நாலே முக்கால். துர்கா பழக்கத்தில் கவுன்ட்டர் பக்கம் நடந்தாள். அங்கே அவள் நாற்காலியில் ஜெயவேலு உட்கார்ந்து, பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"குறை என்னன்னு எழுதறது?" என்று கேட்டவர், கங்கையம்மாளைப் பார்த்து லேசாக இருமினார்.

"உள்ளத எழுதுங்க சார்," என்றார் தாமோதரன். "எர்த்து போல்ட்டக் கழட்டி, அடியிலயும் பெயிண்ட். அடிச்சது தாமோதரன்."

ஜெயவேலு எழுதினார். பிறகு அடுத்த கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தார்.

"மெக்கானிக் பெயர்?"

துர்கா வாயைத் திறந்தாள். அதற்குள் தாமோதரன், ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி, சொன்னார்.

"துர்கான்னு எழுதுங்க சார்."