ஆழம் அறுபத்தொன்று

தோட்டின் பின்மூடியை நெம்பித் திறந்ததும் கறுத்த பொடி கொஞ்சம் மேசை விரிப்பில் உதிர்ந்தது. அழுக்கு என்று நினைத்து ஊதினேன். அது நான் செய்த இரண்டாவது பிழை.

ஊதிய பிறகு கல்லைப் பார்த்தேன். கல்லுக்கு அடி இல்லை. மேலே முகம், கீழே சப்பட்டை. கூம்பாக இறங்கவேண்டிய பாதி பிறக்கவேயில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் வவுனியாக் கடைத்தெரு வெயிலை வாங்கித் திருப்பி அடித்த வைரம், சோடாப் போத்தல் துண்டுபோலக் கிடந்தது.

எனக்கும் என் மாமனார் கச்சு முகம்மதுக்கும் ஒரு தீராத வழக்கு. கல்லின் அகலம் நூறென்றால் மேல்தளம் ஐம்பத்தேழு, ஆழம் அறுபத்தொன்று. கூடினாலும் குறைந்தாலும் வெளிச்சம் அடியால் ஒழுகிவிடும் என்பது துபாயில் நான்கு வருடம் கல் பார்த்த என் கட்சி. முகம் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குக் கல் நல்லது என்பது அவருடையது. "பொம்பிளை பாக்க வந்தவன் முகத்தைப் பாப்பானோ, முதுகைப் பாப்பானோ மருமகன்?" என்பார். எங்கள் நகைக்கடைக்கு வந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் இருவரில் ஒருவருக்கு இரங்கி ஏதாவது வாங்கிப் போவார்கள். ஆகவே வழக்கைத் தீர்க்க யாருக்கும் அவசரமில்லை.

இன்று காலை நெளுக்குளத்திலிருந்து பத்மாசனி அக்கா வந்தார். தாயின் ஒற்றைக்கல் தோடு, சோடியில் ஒன்றுதான் மிச்சம். மற்றது போரின் கடைசி நாள்களில் மாத்தளனில் போனது. மகள் கிருசாந்திக்கு வருகிற கிழமை மோதிரம் மாற்றுகிறார்கள். இந்தக் கல் பதித்த மோதிரத்தைத்தான் மாப்பிள்ளை அவளுக்குப் போடவேண்டும் என்பது அக்காவின் ஆசை. மாப்பிள்ளை கனடா. சம்மதம்தான், ஆனால் கல்லின் வெட்டு என்ன கணக்கென்று கேட்டிருந்தார்.

"முகத்தைப் பாருங்கோ தங்கச்சி, தாம்பாளம் மாதிரி. இதுக்கு மேல என்ன கணக்கு?" என்றார் மாமா.

"இந்த வெளிச்சம் ஆழம் இல்லாம வராது மாமா. அறுபத்தொண்டுக்கு ஒரு புள்ளி தப்பாது. திறந்து அளப்பம்."

அக்கா தோட்டின் மேல் கையை வைத்தார். "திறந்தா ஏதும் பழுதாகாதோ தம்பி?"

"வைரத்துக்கு என்னக்கா பழுது?"

அது முதல் பிழை.

திறந்த கல்லின் மேல் வைரம் சோதிக்கிற கருவியை வைத்துப் பார்த்தேன். கீச்சென்றது. வைரம்தான். கண்ணாடியாக இருந்தால் செத்துப்போன ஏதோ ஒரு தட்டாரின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், அதற்கும் வழியில்லை.

மாமா கல்லை வாங்கிப் புரட்டினார். வென்ற சிரிப்பை எதிர்பார்த்தேன். வியர்த்திருந்தார். "அடியில்லாத கல்லுக்குக் கீழ மெல்லிய வெள்ளித் தகடு வைச்சு, காத்துப் படாம அடைச்சுப்போடுவாங்களாம். நாள்போனா தகடு பின்பக்கம் கறுத்து, திறந்தாப் பொடியாக் கொட்டிடுமாம். என்ட வாப்பா சொன்னவர். கண்ணால இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"தகடு எங்க?" என்றார் அக்கா.

நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

சொக்லட் தாளைக் கத்தரித்துக் கல்லின் அடியில் வைத்தேன். மோதிரப் பெட்டியின் வெள்ளித்தாளை வைத்தேன். கல் வெண்புரை விழுந்த கண்ணாகப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா எட்டிப் பார்த்துப் பின்னால் சாய்ந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் மினுங்கினது கல்லில்லையோ?"

"கல்லும்தான் தங்கச்சி," என்றார் மாமா.

அக்காவின் போன் அடித்தது. கிருசாந்தியின் குரல் எங்களுக்கும் கேட்டது. "அம்மா, அளந்தாச்சோ? அவர் லைன்ல நிக்கிறார், எத்தினை எண்டு கேக்கிறார்."

அக்கா என்னைப் பார்த்தார். அறுபத்தொன்று என்று நான் சொல்லியிருந்தால் அதையே திருப்பிச் சொல்லியிருப்பார் போலிருந்தது.

"அளக்கினம் பிள்ளை. கொஞ்சம் பொறு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் குனிந்தார். அதன் ஊடாக அவருடைய கைரேகை ஒன்று, வளைந்து, இரண்டாகப் பிரிகிற இடம் வரை தெளிவாகத் தெரிந்தது.