நிற்காத ஸ்வெட்டர் கைகள்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது எவ்வளவு நீளம் என்று அன்றைக்கு அண்ணியின் பின்னல் மெஷின் பின்னியே காட்டிவிட்டது.

மெஷின் பழையது, கம்ப்யூட்டர் புதிது. மெஷினை ஓட்டும் புரோகிராம் புதியதில் ஓட மாட்டேன் என்றது. அதைத் தயாரித்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. நல்லவேளையாக எழுதிய நிரலை எல்லோருக்கும் பொதுவில் விட்டுப் போயிருந்தார்கள். நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றித் தருகிற கம்பைலரில் அதைக் கொடுத்துப் புதிதாக உருவாக்க வேண்டும். மதியம் துணிக்கடை அம்மா வருகிறார். மாதிரி ஸ்வெட்டர் அவருக்குப் பிடித்தால் அண்ணியின் பின்னல் பட்டறை பிழைக்கும். இல்லையென்றால் மெஷினை விற்றுவிட்டு அண்ணி மறுபடி முன்பு இருந்த சலவைக் கடைக்கே வேலைக்குப் போக வேண்டும்.

"உன்னால முடியுமா, முடியாதா? இப்பவே சொல்லிடு."

"இதெல்லாம் எனக்கு ஜுஜுபி அண்ணி."

ஜுஜுபி முதலில் என் மூக்கை உடைத்தது. துண்டு துண்டாக இருப்பதை ஒன்றாகக் கோக்கிற லிங்கர், ஊசிகளை இயக்கும் லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பைக் காணோம் என்று அடம்பிடித்தது. லைப்ரரி கண்ணெதிரேதான் இருந்தது. கட்டளையில் அதைக் கேட்கிற துண்டுக்குப் பின்னால் எழுத வேண்டிய அதன் பெயரை நான் முன்னால் எழுதியிருந்தேன். இடம் மாற்றியதும் லிங்கர் வாயை மூடிக்கொண்டது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. கம்பைலரில் வேகத்துக்கு என்று இருக்கிற ஆப்ஷன்களையெல்லாம் அள்ளிப் போட்டேன். கணக்கு இம்மியளவு முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை, ஓடினால் போதும் என்கிற ஆப்ஷனும் அதில் ஒன்று.

மெஷின் பறந்தது. முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்ததும் அவற்றை இணைக்க அடுத்த அறைக்குப் போனோம். திரும்பி வந்தால் மேஜைக்கடியில் இரண்டு கைகளும் மலையாகக் குவிந்து கிடந்தன, இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. கையின் நீளம் அறுபது சென்டிமீட்டரைச் சரியாகத் தொட்டால்தான் மெஷின் நிற்கும். என் அவசரக் கணக்கு அறுபதைத் தொடாமல் மயிரிழையில் தாண்டிப் போயிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். அந்த நிறத்தில் நூல் தீர்ந்துவிட்டது, வேறு கை பின்ன வழியில்லை. எனக்கு அழுகை முட்டியது. அண்ணியோ அந்தக் குவியலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்.

"போய் ஊசி எடுத்துட்டு வா."

அண்ணி தைக்கும்போது நான் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு புரோகிராமை மறுபடி உருவாக்கினேன். அண்ணி மணிக்கட்டு அருகில் தையலில் இடைவெளி விட்டார். ஸ்வெட்டரைப் போட்டு அந்த இடைவெளி வழியே கையை வெளியே நீட்டி, மிச்ச நீளத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

துணிக்கடை அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்னம்மா இது? ஸ்வெட்டரும் மஃப்ளரும் ஒண்ணாவா?"

"ஆமாங்க. மஃப்ளர் தொலையவே தொலையாது."

அந்த அம்மா அதை வாங்கிப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றினார். "ஐம்பது வேணும். இதே நீளம்."

அவர் போனதும் அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சரி, மெஷினைப் போடு."

"அண்ணி... நான்தான் அதைச் சரி பண்ணிட்டேனே."

"உன்னை யாரு பண்ணச் சொன்னது?"

நீளத்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன். மனிதக் கை இவ்வளவு நீளம் இருக்காது என்று புரோகிராம் மறுத்துவிட்டது. ஒழுங்காக உருவாக்கினால் இப்படித்தான், புத்தி வந்துவிடுகிறது.

அந்த ஆப்ஷனைத் திரும்பவும் போட்டேன். அண்ணி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பிளக் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.