பொத்திய கை

என் வீட்டுக்காரர் அற்புதராஜ் எனக்குத் தரவேண்டிய கடன் ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். பிரஷர் மருந்து குடிக்கிறவர். இரத்தத்தில் பொட்டாசியம் பார்த்து வரச் சொல்லி கிளினிக்கில் துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். "நல்லா இருக்கிற ஒடம்புக்கு எதுக்குக் காசு?" என்று இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் தேயிலைக் கொழுந்து பறிக்கிற சம்பளத்திலிருந்து கடன் என்று சொல்லித்தான் கொடுத்தேன். சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார்.

நமுனுகுலையிலிருந்து பஸ் ஏறி பதுளை டவுனில் ஒரு லேப்புக்குப் போனோம். இரத்தம் எடுக்கிற பலீலா மிஸ் ரப்பர் பட்டியைக் கட்டி, "கையப் பொத்துங்க ஐயா" என்று சொல்லிவிட்டு ஊசியைப் பிரிக்கத் திரும்பினார். சொன்ன வேலையை அரைகுறையாகச் செய்ய இவருக்கு வராது. நரம்பு புடைக்கப் பொத்தினார், திறந்தார், மறுபடியும் பொத்தினார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். மிஸ் வந்தபோது முகம் சரியில்லை.

"ஆறு புள்ளி எட்டு காட்டுது. அஞ்ச தாண்டவே கூடாது. இது நெசமா இருந்தா இதயத்துக்கு ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரியில சேக்கணும்."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"கடன் குடுக்காம போயிருவேன்னு பயப்படுறா, மிஸ்" என்றார் இவர்.

"வாய மூடுங்க!" அழுகை வந்துவிட்டது எனக்கு.

மிஸ் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, இன்னுமா பொத்தி வச்சிருக்கீங்க?"

"நீங்க தெறக்கச் சொல்லலியே."

"தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுற கை மிஸ், கத்தியப் பிடிச்சா விடாது" என்றேன்.

மிஸ் சிரித்துவிட்டார். "இப்படி இறுக்கினா சதையில இருக்கிற பொட்டாசியம் ரத்தத்துல எறங்கிரும், கணக்கு ஏறிக் காட்டும். நாந்தான் கவனிச்சிருக்கணும். திரும்ப எடுப்போம், காசு வேணாம். ஆனா இந்தத் தரம் கை தளர்ந்து கெடக்கணும்."

எங்கே தளர்ந்தது? ஊசியைக் கண்டதும் விரல் தானாக மடங்கியது. அவர் உள்ளங்கைக்குள் என் விரல்களை வைத்தேன்.

"இப்ப இறுக்குங்க பாப்போம். நாளைக்குக் கொழுந்து பறிக்க விரல் இருக்காது."

கோழிக்குஞ்சைப் பிடித்திருக்கிற மாதிரி அசையாமல் வைத்திருந்தார்.

நாலு புள்ளி மூன்று. "வீட்டுக்குப் போங்க" என்றார் மிஸ்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "சம்பளத்தன்னைக்கு அந்தக் காசத் தந்துர்றேன், நேசம்" என்றார்.

"ரெண்டு தரம் ரத்தம் குடுத்தீங்களே, அதுல கழிச்சாச்சு" என்றேன்.