உறுப்பினரம்மாவின் கையெழுத்து

விடுதியின் கூட்ட அறையில் ஒன்பது நாற்காலிகள். சுற்றுலாக் குழுவிலோ பத்து உறுப்பினர்கள். இந்தக் கணக்கு இதுவரை யாரையும் உறுத்தியதில்லை. கூட்டம் நடக்கும்போது பத்தாவது உறுப்பினர் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டுதானே இருப்பார்!

காட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் அவர். விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்வது அவர் வேலை. பூர்வகுடிகளின் பங்கேற்பு இல்லாமல் காட்டுச் சுற்றுலாவுக்கு அனுமதி கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதால், மேலாளர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த இவரையே உறுப்பினராக்கிவிட்டார். அன்று முதல் சமையல்காரர் இவரை ‘உறுப்பினரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். கூட்டம் முடிந்ததும் பதிவேடு சமையலறைக்கு வரும். இவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடமாகப் பங்கேற்பு இப்படி அமோகமாக நடந்துவந்தது.

அன்றைக்கு அவர் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தபோது, நில அளவையாளர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் ஒரு சுனை இருக்கிறதாம். சுற்றிலும் கல் பாவினால் விருந்தினர்கள் குளிக்க அருமையான குளமாகிவிடுமாம். யாரும் பயன்படுத்தாத சுனை என்று அறிக்கையிலும் எழுதியிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். உறுப்பினரம்மா வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அந்தச் சுனைதான்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் தண்ணீர் போகும். யோசிக்கக்கூட நேரம் இல்லை. சற்று நேரத்தில் பதிவேட்டோடு மேலாளர் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும்.”

“படிச்சுக் காட்டுங்க சார்.”

இரண்டு வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதே இல்லை. மேலாளர் சிரித்துக்கொண்டே படித்தார். குளத் திட்டத்தைப் பூர்வகுடிப் பிரதிநிதி முழுமனதோடு வரவேற்றார் என்ற வரி வந்ததும் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் எப்ப சார் வரவேத்தேன்? அது நாங்க குடிக்கிற தண்ணி. நான் போட மாட்டேன்.”

மேலாளரின் முகம் சுருங்கியது. உடனே நில அளவையாளரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவரோ மூன்று நாள் காலை பத்து மணி முதல் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்ததாகவும், ஒரு குடம்கூட வரவில்லை என்றும் சாதித்தார்.

“பகல்ல நாங்க போக மாட்டோம் சார்” என்றார் உறுப்பினரம்மா. “வெளிச்சம் வந்ததும் எடுத்துட்டுத் திரும்பிடுவோம். அதுக்கப்புறம் மான் வரணும், பன்னி வரணும். மனுஷ வாடை இருந்தா அதுங்க கிட்டயே வராது. நீங்க உக்காந்திருந்த மூணு நாளும் ஒரு மானைக்கூடப் பாத்திருக்க மாட்டீங்களே?”

விலங்கு நடமாட்டமும் இல்லை என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்த நில அளவையாளர் கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். குடியிருப்பில் யாரிடமாவது கேட்டீர்களா என்றார் மேலாளர். கேட்கவில்லை. கேட்கச் சொல்லி மேலாளரும் சொன்னதில்லை. அது நினைவுக்கு வந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

“இப்ப என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்கம்மா.”

“வர்றவங்க வரட்டும் சார். சுனைக்குக் கீழ ஓடை இருக்கு, அங்க குளிக்கட்டும். வழிகாட்ட எங்க ஆளுங்க வருவாங்க. ஆனா எங்களக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. முடிவு பண்ணிட்டு வந்து கேக்காதீங்க.”

மேலாளர் பதிவேட்டில் அந்த வரியை அடித்தார். கூட்ட அறைக்குத் திரும்பி, திட்டம் நிற்கிறது என்று அறிவித்தார். அடுத்த கூட்டம் குடியிருப்பிலேயே, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இருக்கும்போது நடக்கும் என்றார். ஒரு கையெழுத்துக்காக இவ்வளவா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“ரெண்டு வருஷமா நானும் அப்படித்தான் நினைச்சேன்” என்றார் மேலாளர். “அவங்க வேண்டாம்னு சொன்னா, நிறுத்த நாம தயாரா இருக்கணும். அதுக்குப் பேர்தாங்க பங்கேற்பு.”