பாடாத படலம்

வறுத்த பார்லி மாவில் தேநீரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள் யாங்சோம். அடுப்புப் பக்கம் படுத்திருந்த அப்பா கையை ஆட்டிக் கூப்பிட்டார். வாயருகே காதை வைத்தாள்.

"வெண்ணெய் தாராளமா போடும்மா. ஆபீஸ்காரன் குடுக்கற டீ மாதிரி பண்ணிடாதே."

குரலே இல்லை, வெறும் காற்று. பழைய அரசன் கதையைப் படலம் படலமாக நாள் முழுக்கப் பாடினாலும் கட்டாத தொண்டை அது. அந்த வாரம் முழுக்கத் தம்பி ராப்டென் அவரைக் காரில் டவுனுக்கு அழைத்துப் போனான். நேற்று இப்படித் திரும்பி வந்தார். கேட்டால், "ஆபீஸ்ல வேலை இருந்துச்சுக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கலாச்சார அலுவலகத்தின் ஒலிப்பதிவு அறையில்தான் அவனுக்கு உத்தியோகம்.

வெண்ணெயை வெட்டிக்கொண்டு திரும்பியபோது அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. மூச்சு இல்லை. அவள் கை தானாக அவர் பாதத்துக்குப் போய், பாதி வழியில் நின்றது. லாமா வந்து உச்சந்தலையைத் தொடும்வரை உடம்பில் கை வைக்கக் கூடாது. முதலில் தொட்ட இடத்தின் வழியாகத்தான் உயிர் வெளியேறும்.

லாமா வந்தார், உச்சியைத் தொட்டு ஓதினார். "பக்கத்துல உக்காந்து அழாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. அவர் பாடினது எதையும் போட்டுக் கேக்காதீங்க. தன் குரல் காதுல விழுந்தா திரும்பிப் பாப்பார், வழி தப்பிடும். அடுத்த பிறவிக்குப் போய்ச் சேர்ற நாப்பத்தொம்பது நாளும் போகட்டும்."

விளக்குக்கு வெண்ணெய் கொண்டுவந்த பக்கத்து வீட்டு சோக்கி அத்தை யாங்சோமை ஓரமாக இழுத்தாள்.

"ஏன்டி, எல்லாப் படலமும் பதிஞ்சாச்சு, கடைசி ஒண்ணுதான் பாக்கின்னு உன் தம்பி பீத்திக்கிட்டுத் திரிஞ்சானே?"

"அதை அப்பா பாட மாட்டார் அத்தை."

"மாட்டார்தான். பாட வச்சா?"

கதையின் முடிவில் அரசன் இந்த உலகத்தைவிட்டுப் போகிற படலம் அது. யாரிடமும் கற்காமல், சாமி வருவதுபோல் கதை தானாக இறங்கிய பாடகர்கள் அதை மட்டும் தொடுவதில்லை. பாடி முடித்தால் பாடியவரும் கிளம்ப வேண்டியதுதான். "அதுக்கென்ன அவசரம், நீங்க குடுக்கற பென்ஷனை வாங்கிட்டுப் பாடறேன்" என்று அப்பா ஆபீஸ்காரர்களைச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார்.

ராப்டென் வந்ததும் அவனைச் சாண வரட்டி அடுக்குக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"பாட வச்சியா?"

"இல்லக்கா."

"அப்ப தொண்டை எப்படிடா போச்சு?"

அவன் போனை எடுத்து நீட்டினான். "எல்லாம் இதுல இருக்கு. கேட்டுக்கோ."

அவன் விரல் திரைமேலேயே நின்றது. கேட்க முடியாது என்று தெரிந்துதான் நீட்டுகிறானா? அவள் போனைத் தட்டிவிட்டாள்.

"நான் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே காட்டறே?"

அவன் குனிந்து போனை எடுத்துப் பைக்குள் போட்டான். "கேட்டாலும் அந்தப் படலம் அதுல இருக்காதுக்கா. நேத்து ஏற்கெனவே பதிஞ்ச ஒரு படலத்தைத் திரும்பப் பாடத்தான் பாட்டுத் தொப்பியைப் போட்டார். கதை இறங்குச்சு. பாத்தா, அந்தக் கடைசிப் படலம். நான் மெஷினை நிறுத்திட்டேன். அவர் நிறுத்தல."

"உலுக்கி எழுப்ப வேண்டியதுதானே?"

"கதை இறங்கியிருக்கறப்ப நீ அவரைத் தொட்டிருக்கியா?"

தொட்டதில்லை. அம்மாகூடத் தொட்டதில்லை. பாதியில் தொட்டால் புத்தி திரும்பாது என்பார்கள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தவன் சொல்லக்கூடிய கதைதான் இது.

"முடிச்சாரா?"

"நான் வெளியே போய் நின்னுட்டேன்."

உடம்பு வீட்டிலிருந்த நாட்களில் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து விளக்குக்கு வெண்ணெய் விட்டான். போன் வந்தால் முற்றத்துக்குப் போய்ப் பேசினான். ஆபீஸிலிருந்தா? ஒருமுறை பின்னால் போய் நின்றாள். சட்டென்று பேச்சை முடித்துவிட்டு, "அப்பாவைச் சுத்தற துணி வாங்கறதுக்கு" என்றான். துணி வந்தது. ஆனாலும்.

லாமா ஜாதகம் பார்த்துச் சொல்லிவிட்டார். பிறந்த வருஷப்படி வாசல்வரை சுமக்க வேண்டியவன் மகன். "மூத்த பொண்ணு நீ. உனக்கு ஏதாச்சும் தடை இருந்தா இப்பவே சொல்லிடு."

சோக்கி அத்தை அவள் முகத்தையே பார்த்தாள். ராப்டென் தரையைப் பார்த்தான். அவன் பொய் சொல்லியிருந்தால் அந்த முதுகில் அப்பாவை ஏற்றக் கூடாது. பொய் சொல்லவில்லையென்றால், இந்த வேலையை அவனிடமிருந்து பிடுங்க யாராலும் ஆகாது.

"கயிறு எங்கே?" என்றாள் யாங்சோம்.

விடிவதற்கு முன் ராப்டென் குனிந்தான். வெள்ளைத் துணி சுற்றிய உடம்பை அவன் முதுகில் சேர்த்து அவளே கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"இறுக்குதாடா?"

"இல்லக்கா."

சோக்கி அத்தை கதவைத் திறந்தாள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த அந்த வரிசையில் எல்லா வீட்டு வாசலும் வடக்கைப் பார்த்தே இருந்தது. வாடைக்காற்று நேராக உள்ளே வந்தது.