அண்டா நெல்லுக்குள் ஒரு கை

பதினொரு பெயர்கள். பதினொன்றுக்கும் எதிரே பதினைந்து பதினைந்து ரூபாய். சோமசேகரன் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை பார்த்தார். மேஜையில் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷமாகிறது. பத்திரம் எழுதிப் பதியும் நொத்தேர் ஆபீசில் அவர் குமாஸ்தாவாகி இருபது வருஷம். கிரயப் பத்திரங்களில் கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பதில் அவருக்குப் பெயர் உண்டு. மனிதர்கள் உண்மையைச் சொன்னால் அது மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், ஒரே மட்டமாக இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது அவர் அனுபவம்.

அவர் படித்த பல்கலைக்கழகத்தில், தூரத்து ஊர்களிலிருந்து வரும் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி கட்டுகிறார்கள். அதற்கு நிதி திரட்டத்தான் காரைக்காலில் பழைய மாணவர் சங்கக் கிளை ஆரம்பித்தது. சோமசேகரன் தலைவர். ஒவ்வொரு வருஷத்து செட்டுக்கும் ஒருவர் பொறுப்பு. தன் செட்டுக்காரர்களை அவரே பார்த்துப் பேசி வாங்க வேண்டும். எந்த செட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கொடுக்கிறார்களோ, அந்தப் பொறுப்பாளருக்குப் பல்கலைக்கழக ஆலோசனைக் குழுவில் ஓர் இடம் என்று எழுதியிருந்தார்கள். சோமசேகரன் தன் முப்பத்தாறாம் வருஷத்து செட்டுக்கு நான்கு மாதம் அலைந்தார். பதினான்கு பேரில் ஒன்பது பேர் கொடுத்தார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷத்து செட்டின் பொறுப்பாளர் நூகு ஒரே மாதத்தில் பதினொரு பேரையும் முடித்துவிட்டு வந்து நின்றார். கடைத்தெருவில் கயிறும் வலைநூலும் விற்கிறவர். கிளிஞ்சல்மேட்டு மீனவர்கள் பாதிப்பேர் அவரிடம்தான் வாங்குவார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவருடைய வாப்பாவின் படகில் சுங்கத்துக்குத் தெரியாமல் கைக்கடிகாரம் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. யாரும் கண்ணால் பார்த்ததில்லை. சோமசேகரனுக்கு இப்போது அது ஞாபகம் வந்தது.

"எல்லாரும் கொடுத்துட்டாங்களா பாய்?" என்று கேட்டார்.

"எல்லாரும் வந்தாங்க சார்," என்றார் நூகு.

கொடுத்தார்களா என்று கேட்டால் வந்தார்கள் என்கிறார். சோமசேகரன் அதைக் குறித்துக்கொண்டார்.

"முத்தையனுமா?"

"முத்தையனும் வந்தான் சார்."

முத்தையன் வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மூடிப் போய்விட்டது. பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து நாலணா வாங்குகிறவன். அவன் எங்கே போவான் பதினைந்து ரூபாய்க்கு?

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பட்டியலை வாசிச்சு ஒப்புதல் வாங்கிடலாம்," என்று சோமசேகரன் சிரிக்காமல் சொன்னார். நூகு போனதும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முப்பத்தெட்டாம் வருஷத்துப் பட்டியல் நம்பத்தக்கதல்ல என்றும், நூகுவை சங்கத்திலிருந்து நீக்கப் பரிந்துரைப்பதாகவும் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தபாலில் போடுமுன் அத்தாட்சி வேண்டும்.

முதலில் மன்சூர் அலியின் ஜவுளிக்கடைக்குப் போனார். மன்சூர் அலி நூகுவோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"வாங்க சார். துணி எடுக்கவா, துப்பு எடுக்கவா?"

"விடுதி நிதிக்குக் கொடுத்தீங்களாமே. எவ்வளவு?"

"பட்டியல்ல என்ன இருக்குது?"

"பதினஞ்சு."

"அப்ப பதினஞ்சுதான்."

"நீங்க போட்டது எவ்வளவுன்னு கேட்டேன்."

மன்சூர் அலி ஒரு வேட்டியை உதறி மடித்தார். "அதை மட்டும் கேக்காதீங்க சார். எங்க வீட்டுக்காரி கேட்டதுக்கே நான் சொல்லல."

இன்னும் இரண்டு பேரைப் பார்த்தார். ஒருவர் வெற்றிலையைத் துப்பப் போனவர் திரும்பி வரவேயில்லை. இன்னொருவர், "நூகு வீட்டுக்குப் போனோம், பிரியாணி சாப்புட்டோம், வந்தோம்," என்று மட்டும் சொன்னார். கூடிப் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் நூகுவே எல்லாப் பெயரிலும் கட்டியிருக்கிறார், ஆலோசனைக் குழு நாற்காலியை விலைக்கு வாங்கியிருக்கிறார் என்று சோமசேகரன் முடிவு செய்தார்.

அன்று சாப்பிடும்போது அவர் மனைவி நீலாயதாட்சி, "ரசம் எப்படி இருக்குதுங்க?" என்றாள்.

"ஏன் கேக்குறே? என்ன போட்டே?"

"விஷம்தான்," என்று அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "நீங்க தலைவரானதுலேருந்து இந்த வீட்டுல ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்கல."

சனிக்கிழமை சாயங்காலம் கோட்டுச்சேரிக்கு பஸ் ஏறினார். முத்தையன் வீட்டில் இல்லை. அவன் மனைவி அஞ்சுகம் பாயை விரித்துவிட்டுக் கதவோரம் நின்றாள். உள்ளே பத்து வயதுப் பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். தலைமுடி முழுக்கக் கொட்டியிருந்தது.

"விடுதி நிதி விஷயமா வந்தேம்மா. முத்தையன் எவ்வளவு கொடுத்தாருன்னு தெரிஞ்சா போதும்."

அஞ்சுகம் முந்தானை நுனியைத் திருகினாள்.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியுங்கய்யா," என்றாள். உள்ளே போய் அடுக்குப்பானைக்குள்ளிருந்து மடித்த ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து வந்தாள்.

"பாய் வீட்டுக் கூடத்துல ஒரு அண்டா நெறைய நெல்லு வச்சிருந்தாங்களாம். மேல ஒரு துணி. ஒவ்வொருத்தரா போயி, மூடின கையை நெல்லுக்குள்ள வுட்டு, மூடின கையோடவே வெளியில எடுக்கணுமாம். போடுறவங்க போடலாம். போட முடியாதவங்க வெறுங்கையையும் வுட்டு எடுக்கலாம். பாயோட அம்மா ஆஸியா பீவி சொந்தக்காரங்களுக்குள்ள இப்படித்தான் செய்வாங்களாம். கடைசியில நெல்லைச் சலிச்சு, உள்ளதைப் பதினொண்ணா வகுத்து, எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிட்டாங்க. குறைஞ்சதைப் பாய் போட்டு நேராக்கினாராம்."

அஞ்சுகம் கஞ்சி குடிக்கும் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இவளுக்கு டைபாயிடு. இருபத்தோரு நாள். மாத்திரைக்கு வழியில்ல. அவரு வெறுங்கையைத்தான் வுட்டாரு. உள்ள வெரலுல ஒரு அஞ்சு ரூபா நோட்டு தட்டுப்பட்டிருக்குது." அவள் குரல் அடங்கியது. "வீட்டுக்கு வந்து கையை விரிச்சுக் காட்டிட்டு அழுதாருங்க. அன்னைக்கு அவரு சாப்புடல. அதுலதான் இவளுக்கு மாத்திரை வாங்கினோம்."

"நூகுவுக்குத் தெரியுமா?"

"வட்டிக்கு வாங்கி, நானே அஞ்சு ரூபா கொண்டுபோயிக் கொடுத்தேன். 'தங்கச்சி, நெல்லுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத பணத்தை நான் எப்படி வாங்குறது'ன்னு சொல்லிட்டாரு. அதுலேருந்து இது வீட்டுல கெடக்குது. தொடப் பயமா இருக்குது. நீங்க தலைவரு. நீங்க வாங்கிக்குங்க. அவரை மட்டும் நாலு பேருக்கு முன்னால ஒண்ணும் கேட்டுடாதீங்க. மனு எழுதுற இடத்துல அவரு மானத்தை நம்பித்தான் ஆளுங்க வர்றாங்க."

தேடி வந்த அத்தாட்சி கைக்குள் வந்துவிட்டது. ஒரு பையில் கடிதமும் இன்னொரு பையில் நோட்டுமாக அவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றார். ஒரு விதத்தில் அவர் சந்தேகப்பட்டது சரிதான். பட்டியல் பொய். முத்தையன் கொடுக்கவில்லை, எடுத்தான். ஆனால் அந்தப் பொய்யை யார் லாபத்துக்காகச் செய்தார்கள் என்று பார்த்தால், நூகு சொந்தப் பணத்தைப் போட்டதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று சோமசேகரன் தினமும் சொல்லிக் கும்பிடுகிறவர். பார்த்ததையெல்லாம் கடவுள் யாரிடமும் போய்ச் சொல்வதில்லை என்பது அன்றுதான் தோன்றியது. வயல்மேல் காற்று வீசியது. கடிதம் இருந்த பையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். முத்தையன் வாசலை ஒட்டிய பெஞ்சில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தான். தலைவர் தன் வீட்டுக்கு வந்துபோனது அவனுக்குத் தெரிந்திருந்தது. நூகு முன்வரிசையில் இருந்தார்.

சோமசேகரன் எழுந்து முப்பத்தெட்டாம் வருஷத்துப் பட்டியலை வாசித்தார். எட்டாவது பெயர் முத்தையன். அந்த இடத்தில் அவர் நிறுத்தியதும் ஹாலில் இருமல்கூட அடங்கியது. முத்தையன் இரண்டு கைகளாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"முத்தையன், பதினஞ்சு ரூபாய்," என்று வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். "இந்தப் பட்டியலைத் தலைவர்ங்கிற முறையில நான் ஒப்புக்குறேன். ஆலோசனைக் குழுவுக்கு நூகு பாய் பேரை எழுதி அனுப்புறோம்."

"சார், உங்க செட்டு?" என்றார் மன்சூர் அலி. "அதையும் வாசிங்க. நாங்க கேட்டுச் சந்தோஷப்படுறோம்." பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சோமசேகரன் கையில் அந்தப் பட்டியல் இருந்தது. ஐந்து பெயருக்கு எதிரே 'தரவில்லை' என்று சிவப்பு மசியில் எழுதியிருந்தார். இன்று இதை உரக்க வாசித்தால் ஐந்து பேரும் வெட்கப்பட்டாவது கொடுப்பார்கள் என்பது நாலு மாதமாக அவர் போட்டுவைத்த திட்டம். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் தாளை நாலாக மடித்தார்.

"எங்க செட்டு இன்னும் முடியல," என்றார். "நூகு பாய், உங்க வீட்டு அண்டாவைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்ல முடியுமா?"

நூகு அவரை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு தெரியும் என்று அந்தப் பார்வை கேட்டது. சோமசேகரன் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அது அவருக்கு உத்தியோகத்தில் பழகிப்போன காரியம்.

"நெல்லோடயா சார்?"

"நெல்லோடதான்."

அரைமணி நேரத்தில் இரண்டு பேர் தூக்கி வந்து மேஜையருகே வைத்தார்கள். நூகு துணியை மேலே போர்த்தினார். முன்பே கொடுத்த ஒன்பது பேரும் வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அர்த்தமில்லை என்று அவர் மெதுவாகச் சொல்ல, எல்லோரும் எழுந்தார்கள்.

சோமசேகரன் முதலில் போனார். அஞ்சுகம் கொடுத்த நோட்டையும், தன் சுரக்குடி நிலத்துக் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கையும் உள்ளங்கையில் வைத்து மூடி, துணிக்கு அடியில் விட்டார். நெல் குளிர்ச்சியாக இருந்தது. முழங்கைவரை அரித்தது. கையை உள்ளேயே திறந்து, மூடி, வெளியே எடுத்தார். வாசல் பக்கம் முத்தையன் இன்னும் உட்கார்ந்திருந்தான். பெஞ்சைப் பிடித்திருந்த கைகள் மடிக்கு வந்திருந்தன.

ஒதுங்கி நின்று, அடுத்தவருக்கு வழி விட்டார். இரண்டாமவர் வந்தார், மூன்றாமவர் வந்தார். நாலாவதாக மேல்துண்டுக்காரர் கையை மூடிக்கொண்டு அண்டாவை நெருங்கினார். அந்த மூடிய விரல்களுக்குள் ஏதாவது இருக்கிறதா என்று சோமசேகரனின் கண்கள் பழக்கத்தில் அங்கே போயின. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வரிசை முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.