குப்பையில் போன தாளம்

பதூக்கு என்னும் கைத்தாளப் பாட்டுக் கூட்டத்தில் மினா என்கிற ஃபெலிஸ்மினாவுக்கு வருஷக்கணக்காக ஒரே வேலைதான். பெண்கள் வட்டத்தில் கால்களை அகட்டி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே துணி மூட்டையை இடுக்கிக்கொண்டு உள்ளங்கையால் அறைய வேண்டும். முன்பாட்டுக்காரி ஓர் அடி சொன்னால் மற்றவர்களோடு சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொந்தமாக ஓர் அடிகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. முன்பாட்டுக்காரி எங்ராசியா அக்கா லிஸ்பன் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கேப் வெர்டேத் தீவுகளுக்கே திரும்பிப் போய்விட்டாள். போகும்போது, "இனிமே மினா பாடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூட்டத்தில் மூத்தவளான ஜெனாய்டாவுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. "பாடட்டுமே, யாரு வேணாங்கறா? மேடையில வாய் ஒட்டிக்கிச்சுன்னா நான் எடுத்துக்கறேன். அதோட அந்த எடம் எனக்குத்தான்" என்றாள். மற்றவர்களும் சரி என்றார்கள்.

மினாவுக்கு அந்த இடம் வேண்டும். வாய்விட்டுச் சொல்ல வெட்கம், ஆனால் வேண்டும். லிஸ்பன் நடுவே ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கும்போது கடலையும் பிரிவையும் பற்றிச் சில அடிகள் கட்டி, துடைப்பானைத் தள்ளிக்கொண்டே பாடிப் பழகியிருந்தாள். முன்பாட்டு என்றால் அந்த நேரத்தில் தோன்றுவதை உட்கார்ந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் வழியில் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் உள்ளவள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டுதானே போவாள்?

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. அவர்கள் குடியிருக்கும் ஃபிகேரா மேட்டில் தெருவிழா. காசு இல்லாமல் யாரும் வரலாம் என்பதால் நகரத்து ஆட்கள்கூட மேடேறி வந்து, கச்சூப்பாச் சோளக் கூழுக்கு வரிசையில் நின்றார்கள். கினி பிசாவ்காரர்களின் முரசு முடிந்து, பிரேசில்காரர்கள் காலை வீசிச் சுழன்றுகொண்டிருந்தார்கள். அடுத்தது இவர்கள் முறை. மேடைக்குப் பின்னால் போன ஜெனாய்டா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"மூட்டையக் காணோம்டி! ஒண்ணுகூட இல்ல!"

மூட்டைக்கு மேல் பிளாஸ்டிக் சுற்றினால்தான் அறை 'படீர்' என்று விழும். போன வருஷம்வரை கடைப் பைகளைச் சுற்றினார்கள். இந்த வருஷம் மினா தன் வேலையிடத்திலிருந்து தடித்த கறுப்புக் குப்பைப் பைகளைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் புதிதாகச் சுற்றி, பீர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருந்தாள்.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. "அர்லிந்து!"

அர்லிந்து அவள் புருஷன். நகராட்சிக் குப்பை லாரியில் வேலை. விழாவில் சுத்தம் பார்க்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கியிருந்தான். ஆரஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டு பொரித்த மீன் தின்றபடி நின்றான்.

"பின்னால இருந்த கறுப்புப் பைங்க எங்கய்யா?"

"அதுவா? லாரியில போட்டு நசுக்கி அனுப்பியாச்சு. எந்த நாய் கட்டுச்சோ, என்னா கனம்! ஆனா ஒண்ணு, கட்டுன கட்டு நல்ல கட்டு."

"அந்த நாய் நான்தான்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தான். "குப்பைப் பையில கட்டி வெச்சா குப்பைன்னுதானடி மனுசன் நெனப்பான்? இது பொண்டாட்டி தொடையில வெச்சு அடிக்கிறதுன்னு மேல எழுதியா ஒட்டியிருக்கு?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். ஜெனாய்டா சிரிக்கவில்லை. "வேணும்னே பண்ணியிருப்பான்."

"வேணும்னு பண்ற அளவுக்கெல்லாம் இவனுக்கு மூளை கெடையாதுக்கா" என்றாள் மினா. "கோட்டக் கழட்டுய்யா."

கோட்டை இறுக்கிச் சுருட்டி, அவன் தள்ளுவண்டியிலிருந்த குப்பைப் பையிலேயே திணித்தாள். மற்றவர்கள் மேலங்கிகளையும், சமையல் கொட்டகையிலிருந்து உருவிய மேசைத் துணிகளையும் சுருட்டினார்கள். அதற்குள் மேடையில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

உட்கார்ந்து அறைந்தார்கள். 'தொப்பு, தொப்பு' என்றது, நனைந்த சாக்கைப் போட்டு அடித்த மாதிரி. மினா வாயைத் திறந்தாள். கடல் வரவில்லை. பிரிவும் வரவில்லை. கட்டி வந்ததெல்லாம் அந்த மூட்டைகளோடு லாரியில் போய்விட்டதுபோல் இருந்தது. தாளம் ஒரு சுற்று சும்மா போயிற்று. பக்கத்தில் ஜெனாய்டா நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பது கேட்டது.

கீழே பனியனோடு, கையில் பாதி மீனோடு நின்றான் அர்லிந்து.

"ஊருக் குப்பை அள்ள வந்தான் என் மவராசன்!" என்று பாடினாள் மினா. குரல் கரகரத்தது. பெண்கள் ஒரு நொடி முழித்துவிட்டுத் திருப்பிச் சொன்னார்கள்.

"என் தாளத்தையே அள்ளிப் போட்டான் என் மவராசன்!"

இந்த முறை முழிக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது.

"மூட்டைய அவன் நசுக்கிப்புட்டான் லாரியில! அவன் கோட்ட நான் நசுக்குறேன் தொடையில!"

கோட்டு நன்றாகவே இறுகிவிட்டிருந்தது. அறை இப்போது படீரென்று விழுந்தது. இழுத்த மூச்சை ஜெனாய்டா பின்பாட்டில்தான் விட்டாள், எல்லாரையும்விட உரக்க. பிறகு அவளே எழுந்து கீழே இறங்கி, ஆட்டத்துக்காகப் பாவாடைக்கு மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அர்லிந்துவின் இடுப்பில் கட்டி, அவனை மேடையேற்றி வட்டத்துக்குள் தள்ளினாள்.

"ஆடுடா, குப்பைக்காரா!"

"கையில மீன் இருக்குக்கா!"

"அதுவும் ஆடட்டும்!"

பாரம் தூக்கித் தூக்கி மரத்துப்போன இடுப்பு. வளைய மறுத்தது. அவன் விடாமல் ஆட்டினான். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியது. பாட்டை எப்போது நிறுத்துவது என்பது முன்பாட்டுக்காரியின் இஷ்டம். அர்லிந்து மூச்சு வாங்க மினாவைப் பார்த்து, போதும் என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

மினா அடுத்த அடியை எடுத்தாள்.